கடலில் மறைந்த பந்து வீரர் ராபர்ட்டோ கிளெமென்டே

ராபர்ட்டோ கிளெமென்டே, அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிப் பெரும் புகழ் பெற்றவர்.

கரும்புத் தோட்டத்துக் கங்காணியின் மகனாகப் பிறந்தார். பிட்ஸ்பர்க் நகரக் குழுவுக்காக 18 ஆண்டுகள் ஆடினார். பணமும் பட்டமும் அவரைத் தேடி வந்தன.

38-வது வயதில் அவர் இறந்தார். பூகம்பத்தால் வீடு வாசல் இழந்த மக்களுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்றபோது, அவருடைய விமானம் கடலில் விழுந்தது.

அந்த மக்கள் அவர் நாட்டவர் அல்லர். உறவினரும் அல்லர். பொருள்களை அனுப்பிவிட்டு அவர் வீட்டில் இருந்திருக்கலாம். ஏன் தாமே புறப்பட்டார்? அவருடைய வாழ்க்கையை அறிந்தால் அது விளங்கும்.

கங்காணி மகன்

பியூர்ட்டோ ரிக்கோ, கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு. 400 ஆண்டுகள் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. 1898-ம் ஆண்டில் அமெரிக்காவின் வசம் வந்தது. ஆனாலும் அங்கு மக்கள் பேசும் மொழி ஸ்பானிஷ்தான்.

அந்தத் தீவில் கரோலினா என்று ஓர் ஊர் உண்டு. சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். அங்கே 1934-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந்தேதி ராபர்ட்டோ பிறந்தான்.

தந்தை பெயர் மெல்ச்சோர் கிளெமென்டே. கரும்பு வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. தாயார் லூயிசா வாக்கர். வீட்டில் ஏழு குழந்தைகள். ராபர்ட்டோதான் கடைக்குட்டி.

வருமானம் குறைவு. பிள்ளைகளும் தந்தையுடன் போய் லாரியில் சுமை ஏற்றி இறக்கினார்கள். சிறுவன் ராபர்ட்டோ பக்கத்து வீட்டாருக்குப் பால் கேன் சுமந்து கூலி வாங்கினான். அந்தக் காசைச் செலவு செய்யவில்லை. சேர்த்து வைத்து ஒரு சைக்கிள் வாங்கினான்.

உழைத்துப் பிழைக்க வேண்டும், பிறர் பொருளுக்கு ஆசைப்படக்கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். பெற்றோர் அவனுக்குக் கற்றுக் கொடுத்தவை இவைதான்.

கொய்யா மரத்து மட்டை

அந்தத் தீவில் எல்லாப் பையன்களுக்கும் பேஸ்பால் பைத்தியம். மட்டை வாங்கப் பணம் இல்லை. ராபர்ட்டோ கொய்யா மரத்துக் கிளையை வெட்டி மட்டை ஆக்கினான். கந்தல் துணியைச் சுற்றிப் பந்து செய்தான். கோணிச் சாக்கைத் தைத்துக் கையுறையாக மாட்டிக் கொண்டான்.

கையில் எப்போதும் ஒரு ரப்பர் பந்து இருக்கும். அதை அழுத்தி அழுத்தி மணிக்கட்டை உரமாக்கினான். பள்ளியில் ஈட்டி எறிந்து பழகினான். அந்தக் கைதான் பிற்காலத்தில் அமெரிக்காவையே வியக்க வைத்தது.

பேஸ்பால், ஏறக்குறைய நமது கிரிக்கெட்டைப் போன்ற ஆட்டம். ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் உருண்டையான மட்டையால் அடிப்பார். மைதானத்தில் சதுரமாக நான்கு இடங்கள் குறிக்கப்பட்டு இருக்கும். அவற்றுக்கு 'பேஸ்' என்று பெயர்.

அடித்தவர், பந்து வந்து சேருவதற்கு முன் முதல் பேசுக்கு ஓடிவிட்டால் அது ஒரு 'ஹிட்'. நான்கு பேசையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். 10 முறை அடிக்கப் போய் 3 ஹிட் அடிப்பவரே சிறந்த ஆட்டக்காரர். அவ்வளவு கடினமான ஆட்டம் அது.

அடிக்கப்பட்ட பந்தைப் பிடிக்க, மைதானத்தின் கோடியில் மூன்று பேர் நிற்பார்கள். அவர்களில் வலது புறம் நிற்பவருக்கு மிகுந்த கை பலம் வேண்டும். மூன்றாவது பேசுக்கு ஓடும் எதிரியை அவுட் ஆக்க, அவர்தான் அதிக தூரம் பந்தை எறிய வேண்டும். கிளெமென்டே நின்ற இடம் அதுதான்.

சொன்ன சொல்

1952-ம் ஆண்டில், 18 வயதில், சாந்தூர்சே என்ற உள்ளூர்க் குழுவில் கிளெமென்டே சேர்ந்தார். அவருடைய ஆட்டத்தைப் பார்த்த அமெரிக்கக் குழுக்கள் ஆள் அனுப்பின.

நியூயார்க்கில் இருந்த புரூக்ளின் டோட்ஜர்ஸ் குழு, கையொப்பம் இடுவதற்கு 10 ஆயிரம் டாலர் தருவதாகக் கூறியது. கிளெமென்டே சரி என்று சொன்னார்.

அதன் பிறகு மில்வாக்கி பிரேவ்ஸ் என்ற குழு வந்தது. அந்தத் தொகையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகத் தருவதாக ஆசை காட்டியது. கரும்புத் தோட்டத்துக் குடும்பத்துக்கு அது மலை போன்ற பணம்!

கிளெமென்டே இன்னும் கையொப்பம் போடவில்லை. வாய்ச் சொல்தான் கொடுத்திருந்தார். தாயாரிடம் யோசனை கேட்டார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது தாயாரின் தீர்ப்பு. 1954-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், குறைந்த தொகை கொடுத்த டோட்ஜர்ஸ் குழுவிலேயே மகன் சேர்ந்தார்.

உட்கார வைத்தார்கள்

டோட்ஜர்ஸ் குழு அவரைக் கனடாவில் உள்ள மான்ட்ரீல் நகரத்துக்கு அனுப்பியது. அது அவர்களுடைய கிளைக் குழு.

அப்போது ஒரு விதி இருந்தது. 4 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிய புது ஆட்டக்காரரைப் பெரிய குழுவில் வைத்துக் கொள்ளவேண்டும். கிளைக் குழுவுக்கு அனுப்பினால், ஆண்டு முடிவில் வேறு குழு அவரை எடுத்துக் கொள்ளலாம்.

மான்ட்ரீல் நகரில் கிளெமென்டேக்கு ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கவில்லை. நன்றாக அடித்த மறுநாளே வெளியே உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைக்கவே அப்படிச் செய்தார்கள் என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள்.

ஆனால் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவின் ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். ஆட்டத்துக்கு முன் நடந்த பயிற்சியில் அந்தக் கை பந்தை எறிந்த வேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1954-ம் ஆண்டு நவம்பர் மாதம் பைரேட்ஸ் குழு அவரை எடுத்துக் கொண்டது.

அந்தக் குளிர்காலத்தில் அவர் தீவுக்குத் திரும்பினார். அண்ணன் மரணப் படுக்கையில் இருந்தார். கிளெமென்டே கார் ஓட்டி வந்தபோது, குடித்துவிட்டு வந்த ஒருவரின் கார் அவர் மீது மோதியது. முதுகெலும்பில் அடி. அந்த வலி கடைசி வரை அவரை விடவில்லை.

நிறமும் மொழியும்

1955-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந்தேதி கிளெமென்டே பிட்ஸ்பர்க் குழுவில் ஆடத் தொடங்கினார். விரைவில் 21 என்ற எண் உள்ள சட்டையை எடுத்துக் கொண்டார். ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர் என்ற முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 21 எழுத்துக்கள் வரும். தந்தை பெயர், தாயார் பெயர் இரண்டும் அந்த எண்ணில் அடங்கி இருந்தன.

அவர் கறுப்பர். அத்துடன் ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர். அந்த நாளில் இரண்டு சுமை!

ஒவ்வொரு ஆண்டும் பயிற்சிக்காகக் குழுவினர் புளோரிடா மாநிலத்துக்குப் போவார்கள். அங்கே வெள்ளையர் தங்கும் ஓட்டலில் கறுப்பருக்கு இடம் கிடையாது. வெள்ளை ஆட்டக்காரர்கள் ஓட்டலில் சாப்பிடும்போது கறுப்பு ஆட்டக்காரர்கள் பஸ்சிலேயே காத்திருக்க வேண்டும்.

கிளெமென்டே அந்தச் சாப்பாட்டைத் தொட மறுத்தார். வாசலில் காத்திருந்து வாங்கிச் சாப்பிடுவதை விடப் பட்டினி மேல் என்றார். கடைசியில், கறுப்பு ஆட்டக்காரர்கள் தனியே போய்ச் சாப்பிட்டு வர நிர்வாகம் ஒரு வண்டி கொடுத்தது.

பத்திரிகைகள் அவரை 'பாப்' என்று அழைத்தன. ராபர்ட்டோ என்ற பெயர் வெள்ளையர் வாயில் நுழையவில்லை! அவர் பேசிய அரைகுறை ஆங்கிலத்தை அப்படியே கொச்சையாக அச்சிட்டுக் கேலி செய்தார்கள். முதுகு வலி என்றால் பாசாங்கு என்றார்கள்.

கிளெமென்டே கோபக்காரர். எதையும் மனதில் வைத்துக் கொள்ளமாட்டார். தம் பெயர் ராபர்ட்டோ என்று முகத்துக்கு நேரே சொல்வார். திமிர் பிடித்தவர் என்ற கெட்ட பெயரும் அதனால் வந்தது.

நிற்காத ஓட்டம்

1956-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி. சிக்காகோ கப்ஸ் குழுவுடன் ஆட்டம். கடைசிக் கட்டம். எதிரிகள் 8 ஓட்டம். பிட்ஸ்பர்க் 5 ஓட்டம். மூன்று பேர் மூன்று பேசிலும் நின்றார்கள். மட்டை கிளெமென்டே கையில்.

ஓங்கி அடித்தார். பந்து மைதானத்தின் கோடிக்கு ஓடியது. மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். 8-க்கு 8 சமம்!

மூன்றாவது பேஸ் அருகே நின்ற பயிற்சியாளர், நில் என்று இரு கைகளையும் தூக்கினார். கிளெமென்டே நிற்கவில்லை. தொப்பி பறக்க ஓடினார். பாய்ந்து விழுந்து எல்லையைத் தொட்டார். பிட்ஸ்பர்க் 9. வெற்றி!

அவர் மைதானக் கோடியில் நின்றால் எதிரிகள் ஓடவே பயந்தார்கள். சுவர் ஓரத்தில் பந்தை எடுத்துச் சுழன்று எறிவார். பந்து தரையில் படாமல் நேராக வந்து சேரும். இவ்விதம் எறிந்து தம் ஆட்ட வாழ்வில் 266 முறை எதிரிகளை அவுட் ஆக்க உதவினார். பந்து தடுப்பில் சிறந்தவருக்குத் தரும் தங்கக் கையுறைப் பரிசை, 1961-ம் ஆண்டு முதல் 1972-ம் ஆண்டு வரை தொடர்ந்து 12 முறை பெற்றார்.

ஒரு மனக்குறை

அமெரிக்காவில் இரண்டு பெரிய லீக்குகள் உண்டு. இரண்டிலும் முதலாவதாக வரும் குழுக்கள் கடைசியில் மோதும். அதற்கு 'உலகத் தொடர்' என்று பெயர்.

1960-ம் ஆண்டில் பிட்ஸ்பர்க், பலம் மிகுந்த நியூயார்க் யாங்கீஸ் குழுவை 4-க்கு 3 என்ற கணக்கில் வென்றது. ஏழு ஆட்டங்களிலும் கிளெமென்டே ஹிட் அடித்தார்.

அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். கிளெமென்டேக்குக் கிடைத்தது 8-வது இடம்! அவருடைய குழுவிலேயே வேறு ஒருவருக்குப் பட்டம் கிடைத்தது. அந்தக் காயம் அவர் மனதில் நெடுநாள் ஆறவில்லை.

அதற்கு மட்டையால் பதில் சொன்னார். 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் அவருடைய லீக்கில் அடிப்பதில் முதல் இடம் பெற்றார். 1966-ம் ஆண்டில் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டமும் அவரைத் தேடி வந்தது.

குடும்பம்

1964-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி, சொந்த ஊரான கரோலினாவில் வேரா சபாலா என்ற பெண்ணை மணந்து கொண்டார். மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தன. மூவரும் பியூர்ட்டோ ரிக்கோ மண்ணிலேயே பிறக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் வேரா தீவுக்குச் சென்றார்.

ஆட்டம் இல்லாத மாதங்களில் கிளெமென்டே தீவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக் கொடுத்தார். பணம் இல்லாத பிள்ளைகளும் வந்து ஆடும்படி ஒரு விளையாட்டு நகரம் அமைக்கவேண்டும் என்று கனவு கண்டார்.

1968-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி, கறுப்பர்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் அடக்கம் ஆவதற்கு முன்பே பேஸ்பால் போட்டிகள் தொடங்க இருந்தன. பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்கள் ஆட மறுத்தார்கள். அவர்கள் சார்பில் கிளெமென்டேயும் ஒரு வெள்ளை ஆட்டக்காரரும் அறிக்கை கொடுத்தார்கள். ஆட்டம் தள்ளி வைக்கப்பட்டது.

பெற்றோரிடம் ஆசி

1971-ம் ஆண்டு. பிட்ஸ்பர்க் மீண்டும் உலகத் தொடருக்கு வந்தது. எதிரிகள் பால்ட்டிமோர் குழுவினர். கிளெமென்டேக்கு வயது 37. பலர் அவருடைய காலம் முடிந்தது என்று எண்ணினார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் பிட்ஸ்பர்க் தோற்றது. அப்புறம் நிலைமை மாறியது. கிளெமென்டே இந்த முறையும் ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்தார். 29 முறை அடிக்கப் போய் 12 ஹிட்! கடைசி ஆட்டத்தில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். பிட்ஸ்பர்க் 2, பால்ட்டிமோர் 1. தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் கிளெமென்டே!

டெலிவிஷன்காரர்கள் ஒலிபெருக்கியை நீட்டினார்கள். அமெரிக்கா முழுவதும் பார்த்துக் கொண்டு இருந்தது. கிளெமென்டே முதலில் ஆங்கிலத்தில் பேசவில்லை. ஸ்பானிஷ் மொழியில் பேசினார். தம் பிள்ளைகளுக்கு ஆசி கூறினார். தம் பெற்றோரின் ஆசியை வேண்டினார்.

எந்த மொழிக்காக அவரைக் கேலி செய்தார்களோ, அந்த மொழி அன்று கோடிக்கணக்கான வீடுகளில் ஒலித்தது.

3 ஆயிரம்

1972-ம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் அவர் 2,999 ஹிட் அடித்திருந்தார். அதற்கு முன் 3 ஆயிரம் அடித்தவர்கள் பத்தே பேர்.

செப்டம்பர் 29-ந்தேதி ஒரு பந்தை அடித்து ஓடினார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் அது எதிரியின் தவறு, ஹிட் அல்ல என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் சுவரை நோக்கி ஒரு பந்தை விரட்டினார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை. சரியாக 3 ஆயிரம்!

அடுத்த ஆண்டு இன்னும் அடிக்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவே கடைசி என்று யாருக்கும் தெரியாது.

பூகம்பம்

அந்த ஆண்டு நவம்பர் மாதம், பியூர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் குழுவை அழைத்துக் கொண்டு நிகரகுவா நாட்டுக்குப் போனார். மத்திய அமெரிக்காவில் உள்ள ஏழை நாடு அது. தலைநகர் மனாகுவா.

சுமார் ஒரு மாதம் அங்கே தங்கினார். கடைவீதிகளில் நடந்தார். எளிய மக்களோடு பழகினார். கால்களை இழந்த ஒரு சிறுவனுக்குச் செயற்கைக் கால் கிடைக்க உதவுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஊர் திரும்பிய சில நாட்களில் அந்தச் செய்தி வந்தது. டிசம்பர் 23-ந்தேதி நள்ளிரவுக்குப் பின் மனாகுவாவைப் பூகம்பம் குலுக்கியது. நகரின் நடுப்பகுதி தரைமட்டம் ஆனது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள்.

கிளெமென்டே கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை. சான் ஜுவான் நகர விளையாட்டு மைதானத்தில் இரவு பகலாக நின்றார். பணமும், துணியும், உணவும், மருந்தும் திரட்டினார். விமானங்களில் அனுப்பி வைத்தார்.

அப்போது ஒரு கெட்ட செய்தி கிடைத்தது. நிகரகுவாவை ஆண்ட சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்கள், உதவிப் பொருள்களை மடக்கிக் கொள்கிறார்கள். ஏழைகளுக்குப் போய்ச் சேரவில்லை!

பிறர் நம்பிக் கொடுத்த பொருள் அது. உரியவர் கையில் சேர்ப்பது தம் பொறுப்பு என்று கிளெமென்டே முடிவு செய்தார். தாமே நேரில் போனால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பினார்.

கடைசிப் பயணம்

வாடகைக்குக் கிடைத்த விமானம் பழையது. அதே மாதத் தொடக்கத்தில் ஓடுபாதையில் இருந்து விலகிப் பள்ளத்தில் இறங்கி அடிபட்டது. அது கிளெமென்டேக்குத் தெரியாது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் 4 ஆயிரம் பவுண்டுக்கும் அதிகமாகச் சுமை ஏற்றினார்கள்.

டிசம்பர் 31-ந்தேதி. தீவு முழுவதும் புத்தாண்டுக்குத் தயாராகிக் கொண்டு இருந்தது. மனைவி வேராவுக்குக் கவலை. விமானம் பழுது பார்க்கப்பட்டதால் புறப்பாடு பல மணி நேரம் தாமதம் ஆனது. பண்டிகை நாளில் வீட்டில் இருக்கலாமே என்றாலும், மனாகுவாவில் பசியோடு காத்திருப்பவர்களுக்குப் பண்டிகை ஏது?

இரவு 9.20 மணி அளவில் விமானம் கிளம்பியது. உள்ளே ஐந்து பேர். சிறிது நேரத்தில் என்ஜின் கோளாறு. திரும்பி வருவதாக விமானி அறிவித்தார். திரும்ப முடியவில்லை. கரைக்கு அருகிலேயே கடலில் விழுந்தது. ஐவரும் மாண்டார்கள்.

வானொலியில் செய்தி கேட்டதும் புத்தாண்டுக் களிப்பு அடங்கியது. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போய் அலைகளைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவருடைய குழுவில் ஆடிய மானி சங்கியன், நண்பரைத் தேடித் தாமே கடலில் மூழ்கினார். பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்கள் எல்லோரும் இரங்கல் பிரார்த்தனைக்கு வந்தார்கள். சங்கியன் வரவில்லை. அவர் அப்போதும் கடலில் தேடிக் கொண்டு இருந்தார். கிளெமென்டேயின் உடல் கிடைக்கவே இல்லை.

அழியாத எண்

பேஸ்பால் வீரர்களுக்கு அமெரிக்காவில் 'புகழ் மண்டபம்' உண்டு. ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே அதில் இடம் தருவார்கள். கிளெமென்டேக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1973-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் பெயர் அங்கே சேர்ந்தது. லத்தீன் அமெரிக்காவில் இருந்து அந்தப் பெருமையைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்.

21 என்ற எண்ணைப் பிட்ஸ்பர்க் குழு வேறு யாருக்கும் கொடுப்பது இல்லை. அந்த நகரில் ஆற்றின் மேல் உள்ள ஒரு பெரிய பாலத்துக்கு அவர் பெயர். 2001-ம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய மைதானத்தின் வலது புறச் சுவரை 21 அடி உயரத்தில் கட்டினார்கள். ஆட்டத்திலும் பொதுத் தொண்டிலும் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரால் ஒரு விருது கொடுக்கப்படுகிறது.

வேரா மறுமணம் செய்து கொள்ளவில்லை. மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். கணவர் கனவு கண்ட விளையாட்டு நகரம் கரோலினாவில் உருவானது. அதற்காக வேரா பல ஆண்டுகள் பாடுபட்டார். 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் காலமானார்.

மட்டை வாங்கக் காசு இல்லாத ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வந்து பந்து ஆடினார்கள். அவர்கள் யாரும் கொய்யா மரத்தை வெட்டவேண்டி இருக்கவில்லை.